அரிய குடும்பப்பெயர் ஒன்றின் பிறப்பிடத்தையும் பரவலையும் கண்டறியும் முறை

குடும்பப்பெயர் ஒன்றின் வரலாற்றைத் தேடப் புகுபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதைத்தான். அகராதியைப் புரட்டி, ஒலியில் ஒத்துவரும் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு முன்னோரையும் அவருடைய தொழிலையும் ஊரையும் கற்பனையிலேயே எழுப்பிவிடுகிறார்கள். இது தலைகீழான வழி. பெயர் முதன்முதலில் எங்கே தென்படுகிறது, எந்தக் காலத்தில் எந்த ஊர்களுக்கு நகர்ந்தது என்பதை ஆவணங்களைக் கொண்டு நிறுவிய பிறகே அதன் பொருளைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும். ஆகவே இடம் முதலில், காலம் அடுத்து, பொருள் கடைசியில் என்ற வரிசையைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

அரிய பெயர் உடையவர்கள் இதில் பேறு பெற்றவர்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தாங்கும் ஒரு பெயரைத் தேடினால், கிடைக்கும் ஒவ்வொரு பதிவும் தம் குடும்பத்தைச் சேர்ந்ததுதானா என்று ஐயுற வேண்டியிருக்கும். சில நூறு பேர் மட்டுமே தாங்கும் பெயர் என்றால், அதைத் தாங்கிய எல்லாரையும், தம் கிளையைச் சேராதவர்களையும் விடாமல், ஒரே தொகுப்பில் திரட்டிவிட முடியும். இந்த முறைக்கு ஒற்றைப் பெயர் ஆய்வு என்று பெயர். இதற்காகவே இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு 'கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ்' என்னும் சங்கம் தொடங்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் ஆளுக்கொரு பெயரைப் பதிவுசெய்துகொண்டு, உலகில் எங்கே அந்தப் பெயர் தென்பட்டாலும் குறித்துவைக்கிறார்கள். தேடத் தொடங்குமுன் உங்கள் பெயரை வேறு யாரேனும் ஏற்கெனவே பதிவுசெய்திருக்கிறார்களா என்று அங்கே பார்த்துவிடுவது நல்லது. இந்த வழிகாட்டியில் இங்கிலாந்தின் ஆவணங்களையே மிகுதியாக எடுத்துக்காட்டுகிறேன். பெயர்களைத் தொடர்ச்சியாகக் குறித்த பதிவேடுகள் அங்கே 1538 முதல் கிடைப்பதும், ஆய்வு முறைகள் பலவும் அங்கேயே சோதித்துப் பார்க்கப்பட்டதும் அதற்குக் காரணம். பிற நாடுகளில் எவை மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திரட்டும் முறை

முதல் நாளிலிருந்தே ஓர் அட்டவணை வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டு, நாள், ஊர், அந்த ஊர் அன்று அடங்கியிருந்த மாவட்டம், ஆவணத்தின் வகை, ஆவணத்தில் அந்த நபரின் இடம் (மணமகனா, சாட்சியா, வரி செலுத்தியவரா, இறந்தவரா), ஆவணக் காப்பக எண் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுத வேண்டும். பெயரை ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டிலேயே எழுதி, இன்றைய வடிவத்தை அடுத்த பத்தியில் தனியாகக் கொடுக்க வேண்டும். தேடிக் கிடைக்காமற்போன இடங்களையும் குறித்துவைக்க வேண்டும். ஓர் ஊரின் பதிவேட்டில் 1600 முதல் 1650 வரை அந்தப் பெயர் ஒரு முறைகூட வரவில்லை என்பது, அங்கே அது 1651இல் தோன்றுகிறது என்பதைப் போலவே மதிப்புள்ள செய்தி.

எழுத்துக்கூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிய பெயர்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். எழுத்துக்கூட்டு நிலைபெற்றது அண்மைக் காலத்தில். ஷேக்ஸ்பியரின் கையொப்பம் என்று பொதுவாக ஏற்கப்படும் ஆறும் ஒரே எழுத்துக்கூட்டில் இல்லை. எழுதத் தெரிந்தவர் நிலையே இதுவென்றால், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவர் தம் பெயரை வாயால் சொல்ல, அதைக் காதால் கேட்டுப் பாதிரியாரோ வரி வசூலிப்பவரோ எழுதிய பெயர் எத்தனை வடிவம் எடுத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பரவலான பெயராக இருந்தால் எழுதுபவருக்கு அது பழகியிருக்கும். அரிய பெயரை அவர் முன்பின் கேட்டிருக்க மாட்டார். தமக்குத் தெரிந்த வேறொரு பெயராகவே அதைத் திருத்தி எழுதிவிடுவார். தம் ஊரை விட்டு அந்தப் பெயர் எவ்வளவு தொலைவு போகிறதோ அவ்வளவுக்கு அது சிதையும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918ஆம் ஆண்டு சவுண்டெக்ஸ் என்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரொலிகளை நீக்கிவிட்டு, மீதமுள்ள மெய்யொலிகளுக்கு ஒலிக்கும் விதத்தை ஒட்டி எண்கள் கொடுப்பது அதன் முறை. உதட்டில் பிறக்கும் ஒலிகளுக்கு 1, நாக்கு நுனியால் தடுக்கப்படும் 'ட்' போன்ற ஒலிகளுக்கு 3, ரகரத்திற்கு 6 என்று போகும். ராபர்ட், ரூபர்ட் என்னும் இரண்டு பெயர்களும் இதனால் 'ஆர் 163' என்ற ஒரே குறியீட்டைப் பெறும். ஒன்றைத் தேடினால் மற்றதும் வந்துவிடும். இணையத்தில் உள்ள வம்சாவளித் தளங்களின் 'ஒத்த ஒலி' தேடல்கள் பலவற்றுக்கும் அடிப்படை இதுவே. ஆனால் முதலெழுத்து மாறிவிட்டால் இந்த முறை கைவிட்டுவிடும். ஆங்கிலத்தில் 'கே' என்னும் எழுத்தில் தொடங்கி அந்த எழுத்தை ஒலிக்காமல் விடும் பெயர்களும், பேச்சில் தொடக்க ஹகரம் விழுந்துவிடும் வட்டாரங்களில் எழுதப்பட்ட பெயர்களும் வேறு எழுத்தின் கீழ் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே முதலெழுத்தை மாற்றி மாற்றித் தேடுவதைத் தனி வேலையாகவே செய்ய வேண்டும்.

பழைய கையெழுத்தும் இதில் சேர்ந்துகொள்ளும். சொல்லின் நடுவில் வரும் நீண்ட எஸ் எழுத்தைப் பார்த்து எஃப் என்று படியெடுத்திருப்பார்கள். பெயரின் தொடக்கத்தில் பெரிய எஃப் எழுத்துக்கு மாற்றாகச் சிறிய எஃப் இரண்டை எழுதுவது வழக்கமாக இருந்தது. எம், என், யு, ஐ ஆகிய நான்கும் ஒரே மாதிரியான சின்னஞ்சிறு செங்குத்துக் கோடுகளால் ஆனவை என்பதால், அவை அடுத்தடுத்து வரும் பெயரில் எத்தனை கோடுகள் என்று எண்ணித்தான் படிக்க வேண்டியிருக்கும். அட்டவணையாக்கியவர் எப்படிப் படித்திருப்பார் என்று ஊகித்து, அந்தத் தவறான வடிவத்தையும் தேடல் பெட்டியில் இட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், குடும்பப்பெயரை வெற்றாக விட்டு, முதற்பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் கொண்டு மட்டும் தேடலாம். ஒரு சிற்றூரில் 1861இல் 34 வயதான எபனேசர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

வரைபடம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1801 முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைத்த அட்டவணைகள் 1841 முதலே உள்ளன. ஒவ்வொருவரும் எந்தத் திருச்சபை வட்டத்தில் (ஒரு தேவாலயத்தின் கீழ் அடங்கிய ஊர்ப்பகுதியில்) பிறந்தார் என்ற விவரம் 1851 முதல் கிடைக்கிறது. இவற்றுள் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே பெயர் ஆய்வாளருக்கு மிகவும் உதவுவது. தன்னார்வலர்கள் அதை முழுமையாகப் படியெடுத்திருக்கிறார்கள். ஃபேமிலிசெர்ச் என்னும் வம்சாவளி இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம்.

உங்கள் பெயரைத் தாங்கிய அனைவரையும் அந்த ஆண்டின் பதிவுகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாழ்ந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளியிட்டால் லண்டனும் லங்காஷயரும் நிரம்பி நிற்கும்; அது அந்தப் பெயரைப் பற்றி எதையும் சொல்லாது, ஆலைகளும் துறைமுகங்களும் எல்லாரையும் இழுத்துக்கொண்டதை மட்டுமே சொல்லும். ஆகவே வாழ்ந்த ஊரை விட்டுவிட்டுப் பிறந்த ஊரைப் புள்ளியிடுங்கள். அடுத்து, அவர்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்து, அவர்கள் பிறந்த ஊர்களைத் தனி வரைபடத்தில் குறியுங்கள். 1881இல் 60 வயதைக் கடந்தவர்கள் 1821க்கு முன் பிறந்தவர்கள். அதாவது பயணிகள் ரயில் நாடெங்கும் ஓடத் தொடங்குவதற்கு முன். ஒரே ஆவணத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முந்தைய பரவலைப் பெறும் வழி இது. அரிய பெயர் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரைபடத்தில் சுருங்கி, அக்கம்பக்கமான சில ஊர்களுக்குள் வந்துவிடும். அந்தச் சுருக்கத்தைக் கண்ணால் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சி இந்த வேலையில் வேறெங்கும் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையால் வகுத்து, லட்சத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுவதும் அவசியம். பெரிய மாவட்டத்தில் 40 பேர் இருப்பதைவிடச் சிறிய மாவட்டத்தில் 15 பேர் இருப்பது வலுவான அடையாளமாக இருக்கக்கூடும். 1890ஆம் ஆண்டில் ஹென்றி கப்பி என்பவர் பெயர்களின் தாயகங்களை ஆராய்ந்தபோது உழவர்களின் பெயர்களை மட்டுமே எண்ணினார். நிலத்தோடு கட்டுண்டவர்களே எல்லாரிலும் குறைவாக இடம்பெயர்ந்தவர்கள் என்பது அவருடைய நியாயம். அந்த நியாயம் இன்றும் பயன்படுகிறது. உங்கள் பட்டியலில் உழவர்களையும், பரம்பரையாக ஒரே ஆலையை நடத்திய மாவு அரைப்பவர்களையும் தனியே பார்த்தால், அவர்கள் ஊரே பெரும்பாலும் பெயரின் பழைய ஊராக இருக்கும்.

பின்னோக்கிச் செல்லுதல்

வரைபடம் ஒரு வட்டாரத்தைக் காட்டியதும், அந்த வட்டாரத்தின் பதிவேடுகளில் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 அன்றும், ஸ்காட்லாந்தில் 1855இலும், அயர்லாந்தில் முழுமையாக 1864இலும் தொடங்கியது. அதற்கு முன் திருச்சபைப் பதிவேடுகளே துணை. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஒவ்வொரு திருச்சபை வட்டமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1598 முதல் அவற்றின் படிகள் ஆண்டுதோறும் அந்தந்த மறைமாவட்ட ஆயருக்கு அனுப்பப்பட்டன. மூலப் பதிவேடு எரிந்தோ ஈரத்தில் அழிந்தோ போன ஊர்களில் அந்தப் படி எஞ்சியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 1640களிலும் 1650களிலும் உள்நாட்டுப் போரின் குழப்பத்தால் பல ஊர்களில் பதிவுகள் விட்டுப்போயின. அந்த இடைவெளியைத் தாண்ட, 1641-42இல் வயது வந்த ஆண்கள் எடுத்துக்கொண்ட உறுதிமொழிப் பட்டியல்களும், 1662 முதல் 1689 வரை வீட்டு அடுப்புகளை எண்ணி வசூலித்த வரியின் பட்டியல்களும் பெரிதும் உதவும்.

ஆண்டுக் கணக்கில் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. ஓர் இணையர் 1720 ஏப்ரல் 10 அன்று மணந்ததாகவும், அவர்கள் குழந்தைக்கு 1720 பிப்ரவரி 3 அன்று ஞானஸ்நானம் நடந்ததாகவும் ஒரே பதிவேட்டில் காண நேர்ந்தால், குழந்தை திருமணத்துக்கு முன் பிறந்ததாகத் தோன்றும். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721ஆம் ஆண்டுப் பிப்ரவரி. குழந்தை பிறந்தது திருமணமாகிப் பத்து மாதம் கழித்து. அட்டவணையில் இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடிட்டு 1720/21 என்று எழுதுவதே முறை.

பதிவேட்டு வரிகள் தனித்தனியானவை. இன்னார் மகன் இன்னார் என்று ஒரு வரி சொல்லும்; அந்தத் தந்தை பக்கத்து ஊரில் வாழ்ந்த அதே பெயருடையவரின் தம்பியா, பெரியப்பா மகனா, உறவே இல்லாதவரா என்று சொல்லாது. குடும்பங்களை ஒன்றோடொன்று பிணைத்துக்காட்டுவது உயில்தான். நிலத்தை மூத்த மகனுக்கும், படுக்கையையும் பித்தளைப் பாத்திரத்தையும் மகளுக்கும், சில ஷில்லிங்குகளை அண்ணன் பிள்ளைகளுக்கும் எழுதிவைக்கும்போது, உறவுமுறையைச் சொல்லிப் பெயரையும் சொல்கிறார்கள். திருமணமான மகள்களின் புதிய குடும்பப்பெயர்கள்கூட அதில் கிடைத்துவிடும். கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை உறுதிசெய்யப்பட்ட உயில்கள் லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிறிய சொத்துக்காரர்களின் உயில்கள் மாவட்டக் காப்பகங்களில் இருக்கும். ஓர் அரிய பெயரின் உயில்களை எல்லாம் முழுமையாகப் படித்துவிடுவது மலைப்பூட்டும் வேலையன்று. அதைச் செய்யாமல் குடும்ப மரம் வரைபவர்களின் முடிவுகளை நான் எளிதில் ஏற்பதில்லை.

இன்னும் பின்னே சென்றால் 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் கிடைக்கும். குடும்பப்பெயர்கள் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வழக்கம் இங்கிலாந்தின் பல பகுதிகளில் நிலைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர், 1881 வரைபடம் காட்டிய வட்டாரத்திலேயே ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் தென்பட்டால், ஊற்றுக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

ஒரே மூலமா, பல மூலங்களா

அரிய பெயர் என்றாலே ஒரே முன்னோரிடமிருந்து வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அரிதாக இருப்பதற்குக் காரணம் பல. பிரான்சிஸ் கால்டன் 1873இல் எழுப்பிய ஒரு கேள்விக்கு விடையாக ஹென்றி வாட்சன் என்னும் கணித அறிஞர் காட்டியது போல, பெயர் ஆண்வழியில் மட்டும் இறங்கும் சமூகத்தில், மகன் இல்லாத ஒரு தலைமுறையே ஒரு கிளையை முடித்துவிடும். பெரும்பாலான பெயர்கள் காலப்போக்கில் இப்படியே மறைகின்றன. 1874இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட அந்தக் கணக்கை இன்று நிகழ்தகவுப் பாடத்தில் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆகவே இன்று 200 பேர் தாங்கும் பெயரை 1600இல் இன்னும் அதிகமானோர் தாங்கியிருக்கக்கூடும். இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு கனடாவின் கியூபெக்கில் இருக்கிறது. அங்கே மிகவும் பரவலான பெயர்களில் ஒன்றான ட்ரெம்ப்ளே, 1657இல் அங்கே மணம் செய்துகொண்ட பியேர் ட்ரெம்ப்ளே, ஓசான் அஷோன் என்னும் ஒரே இணையரிடமிருந்து பெருகியது.

ஆவணங்கள் முடியும் இடத்தில் மரபணு உதவும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வதால், ஆண்வழியில் இறங்கும் பெயரோடு அது சேர்ந்தே பயணம் செய்கிறது. பிரையன் சைக்ஸ் என்னும் ஆக்ஸ்ஃபோர்டு மரபியல் அறிஞர், யார்க்ஷயரைத் தாயகமாகக் கொண்ட தம் சொந்தப் பெயரையே ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவில், சோதித்த சைக்ஸ் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரே ஒய் குரோமோசோம் வகையைக் கொண்டிருந்தார்கள். அதுவரை பல மூலங்கள் உடையது என்று கருதப்பட்ட பெயர் அது. பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களைச் சோதித்து, பெயர் எவ்வளவு அரியதோ அவ்வளவுக்கு அதைத் தாங்கியவர்களிடையே பொது மூதாதை இருக்கும் வாய்ப்பு மிகுதி என்று 2009இல் காட்டினார்கள்.

சோதனைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. நெருங்கிய உறவினர் ஐவரைச் சோதிப்பதால் புதிதாக எதுவும் தெரியாது. ஆவணங்களின்படி மிகத் தொலைவில் பிரிந்த இரண்டு கிளைகளிலிருந்து ஆளுக்கொருவரை எடுத்து, ஒய் குரோமோசோமில் ஒப்பீட்டுக்கென்று அளக்கப்படும் இடங்களான குறிப்பான்களில் குறைந்தது 37ஐ ஒப்பிட வேண்டும். இருவரும் ஒத்துவந்தால், அவர்கள் பிரிந்த இடம் வரையிலான வம்சாவளி முழுவதும் ஒரே சோதனையில் உறுதிப்படும். ஒத்துவராவிட்டால், பெயருக்கு இரண்டு மூலங்கள் இருக்கலாம்; தத்தெடுப்பு, தாயின் பெயரை ஏற்ற பிள்ளை, மாற்றாந்தந்தையின் பெயரை ஏற்ற பிள்ளை, மணத்திற்குப் புறம்பான பிறப்பு ஆகியவற்றில் ஒன்று எந்தத் தலைமுறையிலோ நடந்திருக்கலாம். சைக்ஸின் கணக்கில் இப்படிப்பட்ட முறிவு தலைமுறைக்கு 1.3 விழுக்காடு. சிறிய எண்ணாகத் தோன்றினாலும் 20 தலைமுறைகளில் ஏறத்தாழக் கால் பங்குக் கிளைகளைத் தொட்டுவிடும். ஆகவே சோதனைக்கு இசைபவரிடம் முன்கூட்டியே இதையெல்லாம் விளக்கி, அவர் விரும்பாவிட்டால் முடிவை வெளியிடாமல் வைப்பதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். ஒருவருடைய பாட்டனாரைப் பற்றிய உண்மையை அவர் கேட்காமலேயே அவர் கையில் திணிக்கும் உரிமை நமக்கு இல்லை.

நாடு மாறினால் கேள்வியும் மாறும்

இதுவரை சொன்னவை, பெயர் தானாகத் தோன்றி, தலைமுறை தலைமுறையாக இறங்கிவந்த நாடுகளுக்கே பொருந்தும். பல நாடுகளில் குடும்பப்பெயர் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் சட்டத்தால் வந்தது. ஹாப்ஸ்பர்க் ஆட்சிப்பகுதி யூதர்களுக்கு 1787இலும், நெப்போலியன் ஆட்சியின் கீழ் இருந்த நெதர்லாந்தில் 1811இலும், ஜப்பானில் பொதுமக்கள் அனைவருக்கும் 1875இலும், தாய்லாந்தில் 1913இலும், துருக்கியில் 1934இலும் குடும்பப்பெயர் கட்டாயமானது. ஆகவே தேடலைத் தொடங்குமுன், அந்த நாட்டில், அந்தச் சமூகத்தில் பெயர் எந்த ஆண்டில் நிலைப்படுத்தப்பட்டது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கு முன் அந்தப் பெயரைத் தேடுவது வீண் உழைப்பு. அங்கிருந்து பின்னே செல்ல, தந்தை பெயர், நிலத்தின் பெயர், வீட்டின் பெயர் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கொரியாவில் சிக்கல் வேறு: குடும்பப்பெயர்கள் மிகச் சில என்பதால், கிம் என்பதோடு நின்றால் எதுவும் தெரியாது, குலத்தின் மூல ஊரையும் சேர்த்து, கிம்ஹே ஊரின் கிம் என்று கேட்க வேண்டும்.

பிலிப்பைன்ஸின் கதையைச் சற்று அருகில் பார்க்க வேண்டும், ஏனென்றால் வரைபடத்தைக் கண்மூடி நம்பினால் என்ன ஆகும் என்பதை அது காட்டுகிறது. 1849இல் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா, வரி வசூலுக்கு வசதியாக எல்லாக் குடும்பங்களுக்கும் நிலையான பெயர் வேண்டும் என்று ஆணையிட்டு, அகரவரிசையில் அமைந்த பெயர்ப் பட்டியல் ஒன்றை மாகாணங்களுக்கு அனுப்பினார். பட்டியலின் பக்கங்கள் ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதனால் அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் போன்ற ஊர்களில் குடும்பங்கள் பலவற்றின் பெயர்கள் ஒரே எழுத்தில், அங்கே 'ஆர்' எழுத்தில், தொடங்குகின்றன. அப்படிப்பட்ட ஓர் ஊரில் ஓர் அரிய பெயர் செறிந்து காணப்பட்டால், அது அந்த ஊருக்கு வந்துசேர்ந்த பக்கத்தைத்தான் குறிக்கும். இரத்த உறவையும் குறிக்கலாம், குறிக்காமலும் இருக்கலாம். பெயரின் பொருளோ அந்தக் குடும்பத்தின் பழைய வரலாற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாததாக இருக்கும்.

கடல் கடந்த பரவல்

பெயர் எப்படிப் பரவியது என்று அறிய, தொழிலைப் பின்தொடருங்கள். கார்ன்வாலின் செப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் தென் ஆஸ்திரேலியாவின் பர்ராவுக்கும் மூன்டாவுக்கும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் செப்புச் சுரங்கங்களுக்கும் போனார்கள். கார்ன்வாலில் மட்டுமே கிடைக்கும் பெயர்கள் அந்த ஊர்களின் கல்லறைக் கற்களில் செறிந்து நிற்பதற்கு அதுவே காரணம். முதலில் ஒருவர் போவார், பின் அவர் தம்பியும் மைத்துனரும் பக்கத்து வீட்டுக்காரரும் போவார்கள். ஆகவே புதிய ஊரில் உங்கள் பெயருடையவரின் அண்டைவீட்டார் பெயர்களையும் குறித்துக்கொண்டு, அவையும் பழைய ஊரின் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தால், வந்த வழி புலப்படும். 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு விசாரணை நடந்த ஊரும் கப்பலின் பெயரும் எழுத்தில் உள்ளன. வறுமையால் கப்பலேறிய நேர்மையாளரைவிடத் தண்டனை பெற்றவரைப் பற்றி நமக்கு அதிகம் தெரிவது இதனால்தான்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் பெயர்களை மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது பல குடும்பங்களில் வழங்கும் கதை. பயணிகளின் பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தாரால் எழுதப்பட்டது. 1892 முதல் 1954 வரை இயங்கிய அந்த நிலையத்தின் அதிகாரிகள் அந்தப் பட்டியலோடு ஆட்களைச் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னர் வேலையிடத்திலோ பள்ளியிலோ குடியுரிமை பெறும்போதோ மாற்றிக்கொண்டார்கள். எனவே மாற்றம் நடந்த இடத்தைக் குடியுரிமை ஆவணங்களில் தேடுங்கள். 1906க்குப் பிந்தைய அமெரிக்கக் குடியுரிமை ஆவணங்கள் விரிவானவை. அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பின்படி 100 பேரோ அதற்கு மேலோ தாங்கும் 1,62,253 பெயர்களின் பட்டியல் வெளியிடப்பட்டிருக்கிறது. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால், அங்கே அதைத் தாங்கியவர்கள் 100 பேருக்கும் குறைவு என்பது உடனே தெரிந்துவிடும்.

அழிந்துபோனவற்றையும் அறிந்துவைத்தல் நேரத்தைச் சேமிக்கும். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தால் பாழாயிற்று. இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு 1942இல் எரிந்தது. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. டப்ளினில் 1922இல் பொது ஆவண அலுவலகம் எரிந்தபோது அயர்லாந்தின் பழைய கணக்கெடுப்புகளும் உயில்களும் திருச்சபைப் பதிவேடுகள் பலவும் போயின. அங்கே 1847 முதல் 1864 வரை நிலமும் வீடும் வைத்திருந்தவர்களைப் பட்டியலிட்ட கிரிஃபித் மதிப்பீடும், 1901, 1911 கணக்கெடுப்புகளும் அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றன.

இனிப் பொருள்

இப்போது பொருளைப் பற்றிக் கேட்கலாம். ஐரோப்பியப் பெயர்களில் பெரும்பாலானவை ஊர் அல்லது நிலத்தோற்றம், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் ஆகிய நான்கில் ஒன்றிலிருந்து வந்தவை. உங்களிடம் உள்ள மிகப் பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டு, அது தென்பட்ட வட்டாரத்தின் பெரிய அளவு நிலவரைபடத்தில் ஓடைகள், பண்ணைகள், மேடுகள் ஆகியவற்றின் பெயர்களைப் படியுங்கள். அட்டன்பரோ என்னும் பெயர் நாட்டிங்ஹாம்ஷயரின் அதே பெயருடைய சிற்றூரைச் சுட்டுகிறது. ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஊரை விட்டு வெளியேறியவருக்கே ஒட்டிக்கொள்ளும், ஊருக்குள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்களே என்பதால். ஆகவே பெயரின் முதல் பதிவு அந்த ஊரிலிருந்து சில மைல் தள்ளிக் கிடைத்தால் வியப்படைய வேண்டாம். நீங்கள் கண்ட பொருள் இன்றைய எழுத்துக்கூட்டுக்கு மட்டும் பொருந்தி, பழைய வடிவத்துக்குப் பொருந்தாவிட்டால் அதைக் கைவிட்டுவிடுங்கள்.

குடும்பப்பெயருக்குரிய குலச்சின்னம் என்று கண்ணாடிச் சட்டத்தில் இட்டு விற்கப்படுவதை வாங்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு தனிமனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய வழித்தோன்றல்களுக்கு மட்டுமே உரியதாகிறது. ஒரு பெயரைத் தாங்கியவர்கள் அனைவருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று அங்கே கிடையாது.

தொகுப்பை மற்றவர்கள் பயன்படுத்தும்படி வைக்கும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்தநாள், முகவரி ஆகியவற்றை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வரிசையும் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் கட்டாயம் விட்டுவையுங்கள். கணினிக் கோப்போடு நிற்காமல், அச்சுப் படி ஒன்றைப் பெயரின் தாயக வட்டாரத்து நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கொடுத்துவிடுவது நல்லது. புதிய பதிவுகள் திறக்கப்படும் நாட்களையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் 1921 கணக்கெடுப்பு நூறாண்டு விதிப்படி 2022 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த இரண்டும் இல்லாததால், 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடே அடுத்த படி. அமெரிக்கா 72 ஆண்டுகள் காத்திருந்து திறப்பதால், அதன் 1960 கணக்கெடுப்பு 2032 ஏப்ரலில் கிடைக்கும்.